சித்தப்பாவின் பாடு

எதிர்வீட்டில் சிமெண்ட் குழைக்கிறார்கள். அந்த ஈர வாடை ஜன்னல் வழியே ஏறியதும், படித்துக்கொண்டிருந்ததை மூடிவிட்டு மனசால் எங்கள் மீனவ ஊரான முகத்துவாரக்குப்பத்துக்குப் போய்விட்டேன். என் சிறுவயதில் எங்கள் ஆற்றுக்கும் இதே வாடைதான். பக்கத்து அனல்மின் நிலையத்தின் குழாய் உடைந்து, சாம்பல் ஆற்றில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

யார் எந்த நாளில் இறால் வலை போடலாம் என்று ஊரே முறை வைத்திருந்தது. அதற்குப் பாடு என்று பெயர். ஒருமுறை என் சித்தப்பா, அடுத்தவருக்குப் பாடு இருந்த நாளில் வலையை இறக்கிவிட்டார். சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. நான் அப்பாவின் மடியில் இருந்தேன்.

“இன்னா நைனா, ஆறு இன்னா உன் மாமியா வூட்டு சீதனமா?” என்று தலைவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

“புள்ளைக்கு ஒடம்பு முடில தலைவரே. ஒரு நாள்தான போட்டேன்?” என்றார் சித்தப்பா.

“முறை தப்பி ஆளுக்கு ஒரு நாள்னு வுட்டா ஆத்துல இன்னா மிஞ்சும்?”

சித்தப்பா குழாய்ப் பக்கம் கையை நீட்டினார். “அது டெய்லி கொட்டிகினு கீது. அத்த கேக்க இங்க எவனுக்காவது தில்லு கீதா?”

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “பேச்ச மாத்தாத,” என்றார் அப்பா. சொந்தத் தம்பி ஒரு பருவம் முழுக்க வலை போடக் கூடாது என்ற தீர்ப்புக்கு முதலில் கை தூக்கியவரும் அவர்தான். எங்கள் ஊரின் கறாரை நினைத்து எனக்கு அன்று அப்படி ஒரு பெருமை!

தடை முடிந்து சித்தப்பா ஆற்றில் இறங்கியபோது வலை நிறைய சாம்பல் சேறு வந்தது. அடுத்த பாடு அப்பாவுடையது. அவருக்கும் அதே சேறுதான்.

இப்போது அங்கே எந்த நாளிலும் யார் வேண்டுமானாலும் வலை போடலாம். கேட்க ஆளில்லை, போடவும் ஆளில்லை.