ரம்பம் நின்றிருந்த சாயங்காலம்

என் கையெழுத்து கோழி கிளறிவிட்டது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எங்கே எந்த ‘ர’ போடுவது என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பெற்ற மகளிடமே ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாமல் மூன்று ஆடி போய்விட்டது.

கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த ஸ்பின்னிங் மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள் உண்டு. அதில் ஒரு வீட்டில் நானும் மனைவியும் ஒரே மகளும் குடியிருந்தோம். எங்களோடு இரண்டு சின்ன நாய்கள். என் மனைவி சமையலுக்குப் போன பங்களாவில் பொமரேனியன் குட்டி போட்டது. எல்லாவற்றையும் கொடுத்தது போக மிஞ்சியதை, “உங்க பொண்ணுக்கு வெச்சுக்குங்க” என்று கொடுத்துவிட்டார்கள். அது வெள்ளை. பிறகு அது தெருநாயோடு சேர்ந்து போட்ட குட்டிகளில் ஒன்று பிழைத்தது. அது செவலை. மகள் அவற்றுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத மனம் வரவில்லை. வெள்ளை, செவலை என்றே எழுதுகிறேன்.

லைன் வீட்டுக்காரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “நாய் வளக்கறது உங்க இஷ்டமுங்க. ஆனா பொது வாசல்ல அசிங்கம் பண்ணப்படாது.” அதனால் தினமும் வெளியே கூட்டிப்போக வேண்டும். மகள்தான் போய்க்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறு தை மாதம் அவளுக்குக் கல்யாணமாகி வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கயிறு இரண்டும் என் கைக்கு வந்தன.

பெரிய மீசை வைத்துக்கொண்டு பூப்போன்ற நாய் இரண்டைப் பிடித்துக்கொண்டு நான் போவதைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பார்கள்.

“ஏனுங்க, மொசலு ரண்டையும் புடிச்சுட்டு எங்க, சந்தைக்குங்களா?”

“ஆளு நாயக் கூட்டிட்டுப் போறாரா, நாயி ஆளக் கூட்டிட்டுப் போகுதான்னே தெரியலீங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பயம் எல்லாம் மரக்கடையைத் தாண்டுவதில்தான்.

எங்கள் சந்து முடிகிற இடத்தில் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்கடை. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிப் பாதை, அதற்கப்புறம் வீடு கட்டாமல் கிடக்கும் சைட்டுகள். நாய்கள் ஓடியாட அது ஒன்றுதான் இடம். இன்னொரு பக்கம் லாரியும் டவுன் பஸ்ஸும் ஓடும் மெயின் ரோடு. மரக்கடையில் காவலுக்கு இரண்டு நாய்கள் வைத்திருந்தார்கள். ஒன்று டாபர்மேன். இன்னொன்று என்ன ஜாதி என்று தெரியாது, கன்றுக்குட்டி உயரம் இருக்கும். வேலை நடக்கும் நேரத்தில் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். ஆட்கள் போனதும் அவிழ்த்து விடுவார்கள். கேட்டின் அடியில் ஒரு பலகை பெயர்ந்து போய், அடைக்காமலே கிடந்தது. அவிழ்த்துவிட்டால் நாய்கள் அந்த வழியாகச் சந்துக்கு வந்துவிடும். சைக்கிளில் போனவரையே துரத்தியிருக்கின்றன.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதலாளியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“வாங்க வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

“இருக்கட்டுங்க. உங்க நாயி ரண்டும்...”

“ஆமாங்க, நல்ல சாதி. பெருந்துறையில இருந்து கொண்டாந்தனுங்க.”

“இல்லீங்க... எங்கூட்டு நாயி சின்னதுங்க. அந்தப் பலகைய மட்டும்...”

“அட, அதுக ஒண்ணும் பண்ணாதுங்க. சும்மா மோந்து பாக்கும். நீங்க பயப்படாமப் போங்க. பயந்தாத்தான் அதுக்குத் தெரியும்.”

“சரிங்க, வாரேனுங்க” என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் மரியாதையாகப் பேசப்பேச என் குரல்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து டீ குடித்துவிட்டு, சந்து முனையில் நின்று காது கொடுப்பேன். ரம்பம் ஓடும் சத்தம் கேட்டால் ஆட்கள் இருக்கிறார்கள், நாய்கள் கட்டியிருக்கின்றன. கேட்காவிட்டால் போகமாட்டேன். அமாவாசைக்கு மரக்கடை லீவு. எங்கள் பக்கத்தில் மர வேலைக்காரர், கொத்து வேலைக்காரர் யாரும் அமாவாசையில் வேலை தொடமாட்டார்கள். அன்றைக்கு இரண்டையும் வயர் கூடையில் உட்கார வைத்து மெயின் ரோடு வழியாகத் தூக்கிப்போவேன். டீக்கடைக்காரர்களுக்கு அது இன்னொரு கொண்டாட்டம்.

ரம்பம் ஓடினாலும் பயம் போகாது. மரக்கடை நெருங்கும்போது வெள்ளை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் கயிறு வழியாக என் கைக்கு வரும். இல்லை, என் நடுக்கம்தான் அதற்குப் போனதோ, தெரியாது. கேட்டுக்குள் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்கும். கயிற்றைச் சுருட்டி, இரண்டையும் என் காலோடு ஒட்ட வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரை உரசியபடி போவேன். தாண்டியதும்தான் மூச்சு விடுவேன்.

இவ்வளவு பயந்து காத்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்தின்போதே நாய்களைக் கூட்டிப்போகிறேன் என்று மகள் கேட்டிருந்தாள். சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “நாயின்னா தோட்டத்தக் காக்கோணும். இது எதைக் காக்குமுங்க? இதை நாமதான் காக்கோணும்” என்றார். மகள் மாட்டு வேலை, சமையல் எல்லாம் கற்றுக்கொண்டு, அந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மனசை மாற்றிவிட்டாள். ஆனி மாதம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணினாள்.

“அப்பா, அத்த சரின்னு சொல்லிட்டாங்க! ஆடிக்கு வந்துட்டுத் திரும்பறப்ப ரண்டையும் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் பத்தரமாப் பாத்துக்குங்ப்பா.”

“சரி கண்ணு” என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கப்போவது இந்த இரண்டு நாய்கள்தான். முழுசாக அவள் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஆடிக்கு வந்தாள். மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டு முன்னால் போய்விட்டார். அமாவாசை கழித்து அவளையும் நாய்களையும் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. காலண்டரில் புதன்கிழமை அமாவாசை போட்டிருந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம், “இன்னைக்கு நானும் வாரேன்ப்பா” என்று வெள்ளையின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

சந்து முனையில் நின்று காது கொடுத்தேன். ரம்பச் சத்தம் இல்லை. ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் கம்பி உரசிக் கரண்ட் போவது எங்கள் பக்கம் சகஜம். அன்றைக்கும் வீட்டில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் ரம்பம் எப்படி ஓடும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், லீவு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். மகள் வேறு பேசிக்கொண்டே வந்தாள். எருமை உதைத்த கதை, சம்பந்தியம்மா அவளுக்கு ரகசியமாக முறுக்கு வைத்துக் கொடுத்த கதை. என் மகள் இவ்வளவு பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பெரிய நாய்கள் குரைக்கவில்லை. குரைத்திருந்தால் திரும்பியிருப்போம். பலகை இல்லாத இடைவெளி வழியாக இரண்டும் சத்தமில்லாமல் வெளியே வந்தன. நான் செவலையை வாரி எடுத்துக்கொண்டேன். அவள் வெள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். தூக்கினால் பெரிய நாய்களும் உயரத் தாவும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. டாபர்மேன் பின்னங்காலில் எழுந்து அவள் தோளில் கால் வைத்து நின்றது. அதன் வாய் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. “அப்பா” என்றாள். அவள் கை விரிந்தது. வெள்ளை கீழே விழுந்தது.

இரண்டு நாய்களும் அவளை விட்டுவிட்டு அதன்மேல் விழுந்தன. நான் கத்தினேன், காலால் உதைத்தேன். டீக்கடையிலிருந்து ஆட்கள் கட்டையோடு ஓடி வந்தார்கள். என்னைக் கேலி செய்தவர்கள்தான். அவர்கள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்களில் ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்து வெள்ளையை அதில் சுற்றிக் கொடுத்தார்.

மகளுக்குத் தோளில் நகம் கீறியிருந்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட பெரியாஸ்பத்திரிக்கு நடந்தோம். அதற்காகவே அவள் மேலும் கொஞ்ச நாள் எங்களோடு இருந்தாள்.

மறுநாள் மரக்கடை முதலாளி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். என் மனைவி அழுது வீங்கின முகத்தோடு, “வாங்க, உள்ள வாங்க” என்று பாய் விரித்தாள். காப்பியும் வைத்துக் கொடுத்தாள். எங்கள் வழக்கம் அப்படி.

“இன்னைக்குத்தானுங்க லீவு உடறதா இருந்துச்சு” என்றார் அவர். “நேத்து மத்தியானமே அமாவாசை பொறந்துருச்சுன்னு ரம்பக்காரரு சொல்லிப்போட்டாருங்க. ஆடி அமாவாசை பொறந்தப்பறம் மரத்துல ரம்பம் வெக்கமாட்டேன்னுட்டாரு. ஆளுக கெளம்பவும், காவக்காரன் எப்பவும் போல நாய அவுத்துப்போட்டான். நானு ஊர்ல இல்லீங்க.” காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “வேற நல்ல குட்டியா ஒண்ணு வாங்கித் தாரேனுங்க, அம்மணிக்கு.”

மகள் உள்ளறையில் இருந்தாள். வெளியே வரவில்லை. “வேண்டாமுங்க” என்று மட்டும் நான் சொன்னேன். அவர் அந்த வாரமே பலகையை அடித்துவிட்டார்.

வீட்டில் என் மனைவிக்கும், பார்க்க வந்தவர்களுக்கும் நான் வேறு மாதிரி சொன்னேன். “நாந்தான் கீழ உடச் சொன்னேன். அவ உடமாட்டேன்னா. நாந்தான் கையப் பிரிச்சு உட்டேன்.” மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

“ஏனுங்ப்பா பொய் சொல்றீங்க?”

“பொய் இல்ல கண்ணு.”

“நாந்தானுங்ப்பா உட்டேன்.” கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க செவலைய உடலையே.”

என் மேல் எந்த நாயும் ஏறவில்லை கண்ணு, ஏறியிருந்தால் என் கையும்தான் விரிந்திருக்கும். இதைச் சொல்லியிருக்க வேண்டும். “போயி முகங் கழுவு” என்றேன்.

ஊசி முடிந்து வெள்ளகோவில் பஸ் ஏறும்போது செவலையை அவள் மடியில் வைக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டுங்ப்பா. எங்கிட்ட வேண்டாம்.” பஸ் கிளம்பிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் செவலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. செவலைதான் பஸ் போன திசையைப் பார்த்து இழுத்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அது சந்துக்குள் வரவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டால் கயிற்றை இழுத்தாலும் எழாது. நானும் இழுப்பதில்லை.

போன தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். பேரனுக்கு இப்போது இரண்டு வயது. அவனுக்கு மத்தாப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினோம். வாசல் படி இறங்கியதும் அவனைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

“நடந்து வரட்டுமே கண்ணு” என்றேன்.

“வேண்டாம்ப்பா, நீங்களே எடுத்துக்குங்க. தெருவுல நான் இவனத் தூக்கறதில்லீங்ப்பா. அங்கயும் அத்ததான் தூக்குவாங்க.” சிரிக்கப் பார்த்தாள். “எங் கையி உட்டுப்போடும்.”

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் பேரனை வாங்கிக்கொண்டேன். அவள் எனக்கு ஓரடி பின்னால், வெறுங்கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள்.

அவள் ஊருக்குப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளையைப் பற்றி இத்தனை நாளாக எல்லோரிடமும் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். அவள் கை விரிந்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாய் அவள் தோளிலிருந்து இறங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீழே வெள்ளை கத்தியது என் காதில் விழுந்தது. முதலில் நான் அதைப் பார்க்கவில்லை, என் மகளின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. சாமி, விட்டுவிட்டாள், என் பொண்ணு விட்டுவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. செவலை கையில் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

அவள் கை செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். அடுத்த முறை வரும்போது சொல்ல வேண்டும். வாய் வராவிட்டால் இந்தத் தாளைக் கொடுக்க வேண்டும்.

21 நவம்பர் 1999, ஞாயிற்றுக்கிழமை.