நாலு தங்க மீன்

இன்று காலை மகளின் தொட்டி மீன்களுக்குத் தீனி வாங்க வீரபாண்டியில் உள்ள வண்ணமீன் கடைக்குப் போனேன்.

பக்கத்தில் ஒருவர் நாலு தங்க மீன் கேட்டார். கழுத்தில் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் அட்டை.

"போன வாரந்தானுங்க வாங்கீட்டுப் போனீங்க?" என்றார் கடைக்காரர்.

"செத்துப் போச்சுங்க. நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. நாங்க சுத்தம் பண்ணி ஆத்துல உடற தண்ணியில மீனு உசுரோட இருக்குதுன்னு காட்டோணும்."

"மறுபடியும் அதே தண்ணியிலீங்களா?"

"இல்லீங்க. இந்தத் தடவ கேன் தண்ணி வாங்கியாச்சு."

நான் தீனிக்குக் காசை எடுத்து நீட்டினேன். எங்கள் பனியன் கம்பெனித் துணிக்குச் சாயம் போடும் பட்டறையின் கழிவும் அவருடைய நிலையத்துக்குத்தான் போகிறது.

நொய்யல் ஆற்றுக்கு எத்தனை கேன் ஊற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.