பல் பிடுங்கியபின் நான் இழுக்காத மருந்து

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்பவனுக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் பல வருடமாக இன்ஹேலரைக் கடைச் சாமி படத்தடியில் ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தேவைப்படும்போது கோடவுனுக்குள் போய் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்துமா மருந்து இழுக்க மிளகாய்க் கோடவுனுக்குள் போகிற அறிவாளி இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பல் ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். வேறு நோய் உண்டா என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். படிவத்தை வாங்க நின்ற பெண் எங்கள் எதிர்க் கடைக்காரரின் மருமகள். அவள் கையில் வேறு எதை எழுதிக் கொடுப்பது?

பல்லை எடுத்த டாக்டர் சின்னப் பெண், மலையாளி. எனக்காக மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "அங்கிள், பஞ்சைக் கடிச்சு வச்சுக்கணும். துப்பண்டா. ஸ்ட்ரா போட்டு ஒண்ணும் உறிஞ்சண்டா. குழியில உள்ள ரத்தக்கட்டி இளகிப் போனா பின்னே வேதனை சகிக்க முடியாது, கேட்டோ."

என் இன்ஹேலர் கேப்சூலைப் போட்டுத் திருகி, முழு பலத்தோடு உறிஞ்சுகிற வகை. உறிஞ்சக் கூடாது என்றால் உறிஞ்சக் கூடாது. நானே டாக்டராகி முடிவு செய்துவிட்டேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் படிவத்தில் எழுதிய பொய் தெரிந்துவிடுமே.

"இன்ஹேலர் இழுக்கலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டியளா?" என்றாள் மனைவி.

"கேட்டாச்சு. ரெண்டு நாள் வேண்டாம்னாங்க."

அன்று இரவு இழுக்கவில்லை. மறுநாள் காலையிலும் இழுக்கவில்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கிவிட்டு, கன்னம் வீங்கிய முகத்தோடு கடைக்குப் போனேன். நான் இல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில் யாரும் குழம்பு வைக்க மாட்டார்கள் அல்லவா.

மத்தியானம் லோடு வந்தது. ஒரு மூட்டை பிரிந்து நெடி கிளம்பியது. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. பாதிப் பேச்சில் மூச்சு நின்று நின்று வந்தது. கடையில் கூட இருக்கும் மச்சினன் ஓடி வந்தான்.

"அத்தான், சுக்குக் காப்பி போடச் சொல்லட்டா?"

எனக்கு அவனைத் திட்ட ஆசை. திட்டக் காற்று இல்லை. ஊதுபத்திப் பெட்டிகளைக் கை காட்டினேன். அவன் ஒரு ஊதுபத்திப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

நல்லவேளை, சாப்பாட்டோடு மனைவி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் இன்ஹேலரைத் தேடி எடுத்து கேப்சூலைப் போட்டுத் திருகினாள். நான் வாயை மூடிக்கொண்டு பல் போன பக்கக் கன்னத்தைக் காட்டினேன். அவள் பல் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆஸ்துமா உண்டோ? எந்தா அங்கிள் இது?" என்றது குரல். "இப்போ தன்னே இழுக்கணும். குழியைப் பின்னே நோக்காம். வேதனைக் குளிகை கழிச்சோ, சாப்பிட்டாச்சோ? இனி அது வேண்டா, சில ஆஸ்துமாக்காருக்கு ஆகாது. மூச்சு சரியாகலன்னா நேரே கேஷுவாலிட்டி."

சுமை இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க இழுத்தேன். கொஞ்சம்தான் அடங்கியது. ஆட்டோ பிடித்து கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். அதன்பிறகுதான் ஒரு முழு வாக்கியம் பேசினேன். அது மச்சினனைப் பற்றியது, இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் பல் டாக்டர் குழியைப் பார்த்தார். ரத்தக்கட்டி அசையாமல் இருந்தது. யாரைக் காப்பாற்ற நான் சாகத் துணிந்தேனோ அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா வேற மாத்திரை கொடுத்திருப்பேனே" என்றார் டாக்டர். எனக்கு ஆஸ்துமா மருந்து தருகிற டாக்டரிடம் பேசி, அமுக்கினால் மருந்து வரும் பம்ப்பும் அதில் மாட்டும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையும் எழுத வைத்தார். மெல்ல இழுத்தால் போதும். இழுத்தபின் வாயில் தண்ணீர் வைத்து, கொப்பளித்துத் துப்பாமல், தலையைச் சாய்த்து ஒழுக விட வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். நேரம் ஆனதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே குடுவையை வாயில் வைத்தேன். சரக்கு எடுக்க வந்த நெய்யாற்றின்கரைக்காரர் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எந்தா சாதனம்?"

மருந்து உள்ளே போயிருந்தது. பத்து வரை எண்ணி மூச்சைப் பிடிக்க வேண்டும். நான்குதான் ஆகியிருந்தது. பதிலுக்கு அவர் நிற்கட்டும் என்று ஐந்தை எண்ணினேன்.