மாஹ்ரூக் கொடுத்த கருந்துளை

ஈரானில் பீர்ஜந்த் என்ற ஊரின் கல்லூரியில் மாஹ்ரூக் தபீரிக்கு வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. எல்லாம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு. சரிவில் உருளும் பந்து, கயிற்றில் ஆடும் குண்டு. இருபத்தாறு வருடமாக அதே பந்தை உருட்டி அவள் அலுத்துப்போயிருந்தாள். ஆராய்ச்சிக்கென்று கிடைத்தது வியாழக்கிழமை மதியமும், அடுப்பில் சோறு தம்மில் இருக்கும் நேரமும்தான்.

அந்த நேரத்தைத் திரட்டி ஒன்பது வருடம் ஒரே கணக்கைப் போட்டாள். அணுவுக்குள் எலக்ட்ரான் குறிப்பிட்ட படிகளில் மட்டுமே நிற்கும் என்று 1913இல் வந்த பழைய அணு மாதிரிதான் அதற்கு அடிப்படை. பின்னால் வந்த கொள்கைகள் அதை ஓரங்கட்டிவிட்டன. அதை அவள் கருந்துளைக்குப் பொருத்தினாள். எதையாவது விழுங்கிய கருந்துளை, அடித்த மணிபோல அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வுகளைப் படிகளாக வைத்தால் கருந்துளையும் ஒரு ராட்சச அணு. இளைத்தாலும் ஒவ்வொரு படியாக இறங்கித்தான் இளைக்கும். உலகத்தில் வேறு சிலரும் இதை முயன்று ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் அந்த இடத்தைத் தாண்டினாள்.

“தாத்தா சட்டையக் கருந்துளைக்குப் போட்டுப் பாக்குறீங்களாமே?” என்று சக ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். சட்டை பொருந்தியது. எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி முடித்தாள். இந்த ஒன்றாவது தன் பெயரில் அச்சாகிவிட்டால் போதும், மிச்ச வருடங்களைப் பந்து உருட்டியே கழித்துவிடலாம் என்றிருந்தாள்.

போன இலையுதிர் காலத்தில் ஈரஜ் வந்தான். கூடப் படித்தவன், கனடாவில் பேராசிரியர், முப்பது வருடமாக அங்கேதான். சாப்பிட்டுவிட்டு நோட்டைப் புரட்டினான்.

“மாஹ்ரூக் கானும், அபாரம். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல” என்றான். கானும் என்றால் அம்மணி.

“பிரமாதமா ஒண்ணும் இல்ல டாக்டர். உங்களுக்குன்னே வெச்சுக்குங்க, எடுத்துட்டுப் போங்க.”

அந்த ஊரில் விருந்தாளி கம்பளத்தைப் புகழ்ந்தால் கம்பளம் உங்களுடையது என்பார்கள். அவர் மாட்டேன் என்பார், இவர்கள் மறுபடி நீட்டுவார்கள், அவர் மறுபடி மறுப்பார். கம்பளம் இடத்தை விட்டு அசையாது. ஈரஜோ “நெஜமாவா? ரொம்ப நன்றி” என்று நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். மாஹ்ரூக் வாசல் வரை சிரித்த முகத்தோடு போய் வழியனுப்பினாள்.

“குடுத்துட்டியா?” என்று கணவன் ஹூஷங் தலையில் அடித்துக்கொண்டான். “அந்த ஆள் பாதி வெள்ளக்காரன். அவன்கிட்ட போயா மரியாதை பேசுவ?”

நோட்டிலிருந்தது அவளுக்கு மனப்பாடம். ஆனால் கொடுத்த பொருளைத் தன்னுடையதென்று எழுதி அனுப்ப அவளுக்குக் கூசியது. வீம்பு என்றாலும் சரிதான். எட்டு மாதத்தில் கட்டுரை வந்தது, ஈரஜ் பெயரில் மட்டும். கடைசி வரியில் பீர்ஜந்தில் ஒரு தோழியோடு நடந்த இனிய உரையாடலுக்கு நன்றி சொல்லியிருந்தான். வெறும் உரையாடலாம்! படித்துவிட்டு அன்றும் மூன்று வகுப்பு எடுத்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

ரம்ஜான் முடிந்த வாரம் அவனே ஃபோன் செய்தான்.

“எல்லாம் உங்களாலதான் கானும். உங்க காலடி மண்ணுக்கு நான் சமமாவேனா? அடுத்த கட்டுரையில உங்க பேரத்தான் முதல்ல போடணும்.”

“ஐயோ, அதெல்லாம் எதுக்கு” என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஹூஷங் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக மாஹ்ரூக் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

“சரி டாக்டர். போடுங்க. வந்ததுலயும் திருத்தம்னு எழுதி என் பேரச் சேத்துடுங்க.”

ஹூஷங் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“கானும்,” என்றான் ஈரஜ். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது. “நான் ஒரு மரியாதைக்குச் சொன்னேன். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?”