குன்னம் களத்தில் பதின்மூன்றாவது ஆட்டம்

1949, பொங்கல் கழிந்த சனிக்கிழமை. காலை 6.10.

திருச்சி ஜங்ஷனிலிருந்து அரியலூருக்கு நாற்பத்து மூன்று மைல். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. என் பையில் மாற்று வேட்டி, சட்டை, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றுடன் அறுபத்தாறு அடி அளவு டேப் ஒன்றும் இருந்தது. புறப்படும்போது மனைவி அதை எடுத்துப் பார்த்து, "டென்னிஸ் பாக்கப் போறீங்களா, மனை வாங்கப் போறீங்களா?" என்றாள். எதையும் அளந்து, தேதியிட்டு எழுதி வைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது தொற்றாமல் இருக்காது.

என்னை அனுப்பியது எங்கள் டென்னிஸ் கிளப். சம்பளத்துக்கு இருந்து கோர்ட்டைப் பராமரித்து, அங்கத்தினர்களோடு ஆடி, ஆட்டம் கற்றுத் தருகிறவருக்கு மார்க்கர் என்று பெயர். எங்கள் மார்க்கர் வயதாகி விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் வந்திருந்தன: அரியலூர் கிளப்பின் சவரிமுத்து, பெரம்பலூர் கிளப்பின் ரஹீம் பாய். இருவரையும் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அவர்களுக்கு இப்போது மாதச் சம்பளம் இருபத்திரண்டு ரூபாய். எங்களிடம் நாற்பது. தங்குவதற்கு ஓட்டு வீடு ஒன்றும் உண்டு. ஆகவே இது இருவருக்கும் விளையாட்டு மட்டுமல்ல.

பணம் வாங்கி ஆடுகிறவர்களைப் பெரிய போட்டிகளில் சேர்ப்பதில்லை. உலகம் முழுவதும் இதுதான் சட்டம். அதனால் அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்களில் முதல் இருவர் ஒருவருக்கொருவர் எதிரியாகவே ஊர் ஊராகப் போகிறார்கள். கெட்டித் துணியாலான கோர்ட்டை லாரியில் ஏற்றிச் சென்று, இன்று ஓர் ஊர்க் கொட்டகையில் விரித்து ஆடுகிறார்கள், நாளை அடுத்த ஊரில். அந்தச் செய்திகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வருகிறேன். நம் ஜில்லாவுக்குள்ளேயே அப்படி ஒரு ஜோடி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. 1944 முதல் ஒவ்வொரு தை மாதமும் சவரிமுத்துவும் ரஹீம் பாயும் சனிக்கிழமை அரியலூரிலும் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலும் மோதுகிறார்களாம். சென்ற ஆண்டு வரை பத்து ஆட்டங்கள். அரியலூரில் நடந்த ஐந்திலும் சவரிமுத்து ஜெயித்தார், பெரம்பலூரில் நடந்த ஐந்திலும் ரஹீம் பாய்.

கொள்ளிடம் பாலத்தின் மேல் ரயில் போனபோது பனி இன்னும் மணலைவிட்டு எழுந்திருக்கவில்லை. லால்குடியில் காப்பி கிடைத்தது. சூடு மட்டும் இருந்தது. 8.25க்கு அரியலூர்.

அன்று மாலை 4 மணி.

அரியலூர் கோர்ட் சாணி மெழுகியது. வெண்மையான கோடுகள், அந்த மண்ணிலேயே தோண்டிச் சுட்ட சுண்ணாம்பு. தாலுகா ஆபீசர்கள் நாற்காலிகளிலும் ஊர் மக்கள் மதில் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து குள்ளம், நாற்பது வயது, நடையில் அவசரமே கிடையாது. பந்தை அடிப்பதில்லை, தடவுகிறார். அது வலையைத் தாண்டியதும் செத்து விழுகிறது. ரஹீம் பாய் ஆறடி உயரம், நீண்ட கைகள். அவர் அடி கோட்டை நோக்கி விறைத்துக்கொண்டு போகும். அன்று அவர் அடித்த நல்ல அடிகளெல்லாம் கோட்டுக்கு அரை அடி வெளியே விழுந்தன. 6-3, 6-4 என்று சவரிமுத்து ஜெயித்தார். கோர்ட் மெழுகும் வேலை இருக்கிறதென்று ரஹீம் பாய் மாலை பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோடு போடுவது உள்ளூர் மார்க்கரின் உரிமை. அதற்கு அளவு பிடிக்கும் அவருடைய கயிற்றை வந்தவர் தொடக்கூடாது. கல்யாண வீட்டில் சம்பந்தி அடுப்படிக்குள் நுழையாதது போல.

கூட்டம் கலைந்த பிறகு டேப்பை எடுத்தேன். வலையிலிருந்து பின்கோடு வரை முப்பத்தொன்பது அடி இருக்க வேண்டும். முப்பத்தெட்டுதான் இருந்தது. மறுபக்கமும் முப்பத்தெட்டு. சவரிமுத்து வலையைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நூல் கயிறு சார். சுண்ணாம்புத் தண்ணியில ஊறி ஊறிச் சுருங்கிருச்சு."

"தெரிந்துமா மாற்றவில்லை?"

"மாத்தலாம்னுதான் இருந்தேன். அந்த வருஷம் ஜெயிச்சிட்டேன்" என்றார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாய்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணி.

பெரம்பலூருக்குப் பத்தொன்பது மைல், பத்தணா. பஸ் கரி வாயுவில் ஓடுவது. பின்னால் அடுப்பைச் சுமந்துகொண்டு, மேடு வரும்போதெல்லாம் ஒரு யோசனை செய்துவிட்டு ஏறியது. சவரிமுத்து என் பக்கத்தில் ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அரியலூரின் வெளுத்த மண் குன்னத்துக்கு முன்பே கறுக்கத் தொடங்கியது. சோளத்தட்டை அறுத்த கரிசல் காடுகள், நடுவே கடைசிப் பருத்தி. 10.15க்குப் பெரம்பலூர்.

மாலை நான்கு மணி ஆட்டத்தில் நேற்றைய கதை தலைகீழாயிற்று. ரஹீம் பாயின் பந்துகள் சவரிமுத்துவின் காலடியில் போய் விழுந்தன. அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். இன்னும் நாலடி போயிருந்தால் வேலியில் இருந்திருப்பார். 6-2, 6-4.

மறுபடியும் டேப். நாற்பது அடி. இரண்டு பக்கமும் நாற்பது.

ரஹீம் பாய்க்கு வெட்கம் ஒன்றும் இல்லை. "தேங்கா நாருக் கயிறு சார். உருளையக் கட்டி இழுக்கறதும் அதுதான். இழுத்து இழுத்து நீண்டுபோச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அல்லாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. சவரிகிட்ட மட்டும் வேணாம்."

அன்று நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு ஆட்டங்களையும் வரிசையாக எழுதினேன். ஆளுக்கு ஆறு. ஆறும் அவரவர் கயிறு ஜெயித்தது. இவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

திங்கட்கிழமை. காலை 8 மணி.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் இருந்தோம். ரயிலில் வரும் பந்துப் பெட்டியை வாங்குவதற்காக ரஹீம் பாய் அரியலூருக்கு வந்தார், எப்போதும்போல ராக்கெட்டும் இரண்டு பழைய பந்துகளும் கையோடு. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது.

"யோவ் பாய், உன் கோர்ட்டுல பந்தைத் தொரத்துறதுன்னா வழிக்குக் கட்டுச்சோறு வேணும்யா" என்றார் சவரிமுத்து.

"உன் கோர்ட்டுல மட்டும் என்னவாம்? கையை நீட்டுனா வெரலு வெளியூருல இருக்கு."

இனி மறைப்பது நியாயமில்லை என்று பட்டது. நோட்டைப் பிரித்து இரண்டு அளவுகளையும் படித்தேன். முப்பத்தெட்டு. நாற்பது. இருவரும் நோட்டை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். பிறகு சவரிமுத்து, "உன்னுது ஒரு அடிதான் கூடவா? நான் ரெண்டு அடின்னுல நெனச்சேன்" என்றார். ரஹீம் பாய் சிரிக்கத் தொடங்கினார். சவரிமுத்துவும் சேர்ந்துகொண்டார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் சவரிமுத்து கேட்டார்: "அப்ப திருச்சிக்கு யாரு சார்?"

நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன். கரி அடுப்பு எனக்கு அவகாசம் கொடுத்தது.

காலை 9.20, குன்னம்.

பஸ் நின்றது. வாயு இறங்கிவிட்டது, கரியை மாற்றிப் போட்டு மூட்டி எழுப்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். பயணிகள் இறங்கினார்கள். சாலையை ஒட்டி ஊர்ப் பொதுக்களம், அகன்று பரந்து கிடந்தது. அறுவடை முடிந்து, நெல் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சாணி மெழுகி, ஒரு வெடிப்பும் இல்லாமல் மிதமான ஈரத்தில் பளபளத்தது. இரண்டு மார்க்கர்களும் அதன் ஓரத்தில் நின்று, மாட்டுச் சந்தையில் நல்ல ஜோடியைப் பார்க்கிறவர்கள் போலப் பார்த்தார்கள்.

"சார், டேப்பு இருக்குல்ல?" என்றார் ரஹீம் பாய்.

களத்துக்குப் பொறுப்பான நடேச உடையார் வைக்கோல் போரிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் டென்னிஸ் பார்த்ததில்லை.

"ஆடுங்க, யாரு வேணாங்கறா. ஆனா களத்துல செருப்போட ஏறக்கூடாது. எங்க அய்யாவே ஏறுனதில்ல."

"கான்வாஸ் ஷூவுங்க அது" என்றார் சவரிமுத்து.

"கவர்னருது ஆனாலும் வெளியதான் இருக்கணும்."

இருவரும் ஷூவைக் கழற்றி வைத்தார்கள். பஸ் கூரையில் மூட்டை கட்டும் கயிற்றை களத்தில் நின்ற இரண்டு மாட்டு வண்டிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, பயணிகளிடம் வாங்கிய துண்டுகளையும் ஒரு ஜமுக்காளத்தையும் தொங்கவிட்டோம். நடு உயரம் மூன்றடி, அளந்தேன். கோட்டுக்குச் சுண்ணாம்பு இல்லை. பஸ் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பல் இருந்தது. நான் டேப்பைப் பிடித்தேன். சவரிமுத்துவின் பக்கத்துக்கு ரஹீம் பாய் கோடு போட்டார், ரஹீம் பாயின் பக்கத்துக்குச் சவரிமுத்து. முப்பத்தொன்பது அடி. ஆறு ஆண்டுகளில் முதல் தடவையாக ஒருவர் போட்ட கோட்டுக்குள் மற்றவர் ஆடப்போகிறார்.

"ஒரு செட். ஜெயித்தவர் திருச்சிக்கு" என்றேன். இருவரும் தலையசைத்தார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

முதல் நான்கு கேம்களில் இருவரும் தடுமாறினார்கள். சவரிமுத்து தடவிய பந்துகள் இரண்டு துண்டில் பட்டு விழுந்தன. ரஹீம் பாயின் அடிகள் ஒன்றிரண்டு சாம்பலைத் தாண்டின. பிறகு கைகளுக்கு அளவு புரிந்தது. அதன்பின் நான் பார்த்த டென்னிஸை அரியலூரிலும் பெரம்பலூரிலும் பார்க்கவில்லை. வெறுங்கால்கள் மெழுகிய தரையில் சத்தமில்லாமல் போய்வந்தன. ஒருவர் நீளமாக அடித்தால் மற்றவர் அதைச் சுருக்கித் திருப்பினார். பயணிகள் இரண்டு கட்சியானார்கள். தக்காளிக் கூடைக்காரம்மா ஒருவர், குள்ளமாக இருப்பவர் பாவம் என்ற ஒரே காரணத்தால் சவரிமுத்து கட்சி. உடையார் எந்தக் கட்சியும் இல்லை. யார் எந்த இடத்தில் காலைத் தேய்க்கிறார் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தார்.

5-5. டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர், "இருய்யா, கரி எங்க ஓடிப்போவுது?" என்று அதட்டினார். கோட்டோரம் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தேன். அதற்குள் அது சர்க்கார் உத்தியோகம் போல அவருக்குத் தலைக்கேறியிருந்தது.

ரஹீம் பாய் 6-5. அடுத்த கேமில் அவருக்கு ஒரே ஒரு புள்ளி தேவை. சவரிமுத்து வலைக்கு வந்து பந்தைத் தடவினார். ரஹீம் பாய் ஓடிவந்து குனிந்து, அதை அவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பந்து மெல்ல இறங்கிப் பின்கோட்டை ஒட்டி விழுந்தது. கண்டக்டர் வாயைத் திறந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து வெயில் நேரே கண்ணில் அடித்தது. "வெளி—" என்று அவர் தொடங்கும் முன்பே சவரிமுத்து கையைத் தூக்கினார்.

"கோட்டுல பட்டுச்சு. சாம்பல் பறந்துச்சு. நான் பாத்தேன்."

மாதம் பதினெட்டு ரூபாயும் ஓர் ஓட்டு வீடும் அந்தக் கை உயர்ந்ததில் போயின. அவருக்கு அது தெரியும். கூடைக்காரம்மா, "ஏய்யா, சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றே கேட்டுவிட்டார்.

"அவரு போட்ட கோடும்மா அது. நான் எப்படி இல்லைங்கறது?" என்றார் சவரிமுத்து.

7-5. ரஹீம் பாய் ஜமுக்காளத்தைத் தாண்டி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை. உடையார் தரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல. அடுத்த வருஷமும் வாங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

பகல் 12.10, அரியலூர் ஸ்டேஷன்.

திருச்சி வண்டி வர நேரம் இருந்தது. ரஹீம் பாய் ஒரு நிபந்தனை வைத்தார்: தை மாதத்தில் இரண்டு நாள் லீவு வேண்டும், எழுத்தில். இல்லையென்றால் வேலை வேண்டாம். கிளப் சார்பில் அங்கேயே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"சனிக்கிழமை என் கோர்ட்டுல. என் கயிறு" என்றார் சவரிமுத்து.

"ஞாயித்துக்கிழமை பெரம்பலூருல. புதுசா வர்ற மார்க்கர்கிட்ட என் கயித்தைக் குடுத்துட்டுத்தான் போவேன். மாத்தக்கூடாதுன்னு சொல்லிட்டு."

"அப்பத் திங்கக்கிழம குன்னம்" என்றார் சவரிமுத்து. ரஹீம் பாய் தலையாட்டினார்.

எங்கள் திருச்சிக் கோர்ட் சரியான அளவுள்ளது. நானே அளந்திருக்கிறேன்: எழுபத்தெட்டு அடி, ஓர் அங்குலம் கூடக் குறையவில்லை. ஆனால் அதைப் பார்க்க மதில் மேல் ஒருவரும் ஏறியதில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஏறுவார்கள் என்று நினைக்கிறேன்.

வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தை நோட்டில் எழுதினேன்: பதின்மூன்றாவது ஆட்டம், குன்னம், முப்பத்தொன்பது அடி, ரஹீம், 7-5, வெறுங்கால். சவரிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அந்த வெறுங்காலுங்கறத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்" என்றார். "ஷூ போட்டிருந்தா கதையே வேற."