முக்காலி எடுத்த வீடியோ

அந்த வீடியோவின் கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வரும். ஸ்கேட்டிங் என்று போட்டு அவன் பெயர். படப்பிடிப்பு என்று போட்டு, முக்காலி. நான்கு நிமிட வீடியோ அது. அதில் மூன்று நிமிடத்துக்கு மேல் கேமரா அவன் பின்னாலேயே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அவன் போகிற வேகத்துக்கே போகும். எந்த ஊரில் கேமரா வைக்கிற முக்காலி அப்படி ஓடும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஓடியது நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஆபீஸ் முதலாளியின் மகன் அவன். பெங்களூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், இரண்டு ஸ்கேட்போர்டுகளோடு ஊருக்குத் திரும்பியிருந்தான். எங்கள் ஸ்டுடியோவில் மேலே கைப்பிடி வைத்த பழைய ஹேண்டிகேம் ஒன்று கிடந்தது. போர்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்த மாதிரிப் பழைய கேமராதான் பிடிக்குமாம். அதை வாடகைக்குக் கேட்டு வந்தான். கடையில் அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஸ்டுடியோ அண்ணாச்சியே, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீயும் கூடப் போய் எடுத்துக் கொடு என்று என்னை அனுப்பினார். பெரிய வீட்டுப் பையன், அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் நமக்குத்தான் வரும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

கழுகுமலை ரோட்டில் அவர்களுடைய பழைய ஆபீஸ் ஒன்று மூடிக் கிடந்தது. அதன் பின்னால் குச்சி காயப்போடுகிற சிமெண்டுக் களம். போர்டு ஓட்டத் தோதான தரை எங்கள் வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், மேலே போட்ட சிமெண்டையும் சேர்த்து உடைத்துவிடும். விரல் நுழைகிற வெடிப்பு இருந்தால் போதும், சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் பறந்து போய் விழுவான். போனவுடன் முதல் வேலையாக வாரியல் எடுத்துக் களத்தைப் பெருக்குவேன். எந்த வெடிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

முதல் இரண்டு வாரம் பின்னால் ஓடிக்கொண்டே எடுத்தேன். படம் குலுங்கிக் குலுங்கிப் பார்க்க முடியவில்லை. அவன் இரண்டாவது போர்டைத் தள்ளிவிட்டு, இதில் ஏறி வா என்றான். ஒரு மாதம் விழுந்தேன். முழங்காலைப் பார்த்து அம்மா கேட்டபோது பஸ் படியில் சறுக்கிவிட்டது என்று சொன்னேன். பிறகு வந்துவிட்டது. முழங்காலை மடக்கி, கேமராவை அவன் கணுக்காலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, அவன் திரும்பும் இடத்தில் நானும் திரும்பி, அவன் குதிக்கும் இடத்தில் நான் ஒதுங்கிப் போக வேண்டும். அந்த உயரத்தில் கேமராத் திரையைப் பார்க்க முடியாது. அது எதைப் பார்க்கிறது என்பது கைக்குத்தான் தெரியும். ஆறு மாதத்தில் அவன் செய்கிற எல்லாம் எனக்கும் வந்தது. அவனுக்கு வராத ஒன்றும் வந்தது.

களத்தின் ஓரத்தில் லாரியில் பெட்டி ஏற்றுகிற மேடை உண்டு. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும். அதன் மேல் ஓட்டி வந்து, விளிம்பில் எம்பி, போர்டு காலுக்கடியில் ஒரு சுற்றுச் சுழன்று நேராக வந்ததும் அதன் மேலேயே இறங்கி, நிற்காமல் ஓட்டிப் போக வேண்டும். அவன் தரையில் அதைச் செய்வான். மேடையிலிருந்து ஒரு தடவைகூட இறங்கவில்லை. பெங்களூரில் போர்டு விற்கிற ஒரு கம்பெனி வீடியோப் போட்டி வைத்திருந்தது, அனுப்பக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே சொன்னான். "நீ செய்யுதேல்லா? என் ஷூவ மாட்டிக்கோ. காலு மட்டும் எடுப்போம்."

ஷூவுக்குள் துணி திணித்து, சுடிதாருக்கு மேலேயே அவன் ஜீன்ஸை ஏற்றிக்கொண்டு நின்றேன். அவன் கீழே குனிந்து கேமரா பிடித்தான். ஆறாவது தடவை இறங்கினேன். அவன் ஓட்டி வருவது, என் கால்கள், அவன் ஓட்டிப் போவது, இந்த மூன்றையும் நானே ஒட்டினேன். அது தப்பு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போட்டியில் அவன் ஜெயித்தான். ஷூவும் போர்டும் கம்பெனியே அனுப்ப ஆரம்பித்தது. வீடியோவின் கடைசியில் பெயர் போட்டது அவன், முக்காலி என்று போட்டிருப்பதை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கேட்டதற்கு, பொம்பளைப் பிள்ளை பேரைப் போட்டால் ஊரில் ஒரு மாதிரிப் பேசுவார்கள், உன் நல்லதுக்குத்தான் என்றான். நானும் நம்பினேன்.

பேச்சு எப்படியும் வந்தது. யாரோ எங்களைக் களத்தில் பார்த்து அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கேட்டபோது அவன், அந்தப் பிள்ளைதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறது, எவ்வளவு சொன்னாலும் போகமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா நேரே ஆபீஸுக்கு வந்தாள். நாற்பது பெண்கள் வேலை செய்கிற இடத்தில் என் அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, மகளை அடக்கி வை என்றாள். அன்று சாயங்காலம் ஸ்டுடியோ அண்ணாச்சி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அனுப்பியது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீயா போனியா, அவன் கூப்ட்டானா?"

கூப்பிட்டான் என்றேன். நம்பினாள். ஆனால் அதைப் போய் அந்த நாற்பது பேரிடம் அவளால் சொல்ல முடியாது. மறுநாளும் அதே ஆபீஸுக்குத்தான் வேலைக்குப் போனாள்.

நான் எட்டயபுரத்தில் வேறு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். தினமும் பஸ். இரண்டு வருஷத்தில் ஒரு பழைய கேமராவும் ஒரு ஸ்கூட்டரும் சொந்தமாக வாங்கினேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனை என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போவேன். அவன் கல்யாணத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்வது, கம்பெனிக்கு எழுதுவது, இப்படி நிறைய. ஒன்றும் செய்யவில்லை. யார் நம்புவார்கள்? அந்தக் கால்கள் என்னுடையவை என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லா கேசட்டும் அவனிடம்தான் இருந்தன.

பிறகு ஒருநாள் அவனே எட்டயபுரத்துக்கு வந்தான். ஸ்டுடியோ வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். கம்பெனிக்காரர்கள் பெரிய வீடியோ ஒன்று எடுக்கிறார்களாம். மேடையிலிருந்து இறங்குவதை ஆள் முழுசாகத் தெரிகிற மாதிரி, வெட்டாமல், ஒரே ஷாட்டில் அனுப்பச் சொல்கிறார்களாம். அவர்களுக்கு ஏதோ சந்தேகம் வந்திருந்தது.

"வேற யாரையும் வச்சு எடுக்க முடியாது. ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றான். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னான், போகிற போக்கில்.

"ஞாயித்துக்கெழம வாரேன்" என்றேன். அவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பேன் என்று அவன் நினைக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

அவன் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். வேறு திட்டம் எதுவும் அப்போது இல்லை. அவன் செய்கிற தப்பு எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே தெரியும். விளிம்புக்கு வரும்போது குனிந்து தன் முன்காலைப் பார்ப்பான். தலை குனிந்தால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் போர்டு அவனை விட்டு விலகிப் போய்விடும். ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். இடுப்பு அடிபட விழுந்தான், முழங்கை அடிபட விழுந்தான். ஒரு தடவை போர்டு எகிறி வந்து அவன் தாடையிலேயே பட்டது. ஒவ்வொன்றையும் நல்லபடியாக எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு, இன்னொரு தடவை என்றேன். அவன் விழும்போதெல்லாம் அம்மா அந்த ஆபீஸில் எழுந்து நின்ற நிமிஷத்தை நினைத்துக்கொண்டேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து, ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி மேடை ஏறினான். இவ்வளவு பிடிவாதம் அவனிடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பதினோரு மணிவாக்கில் பேட்டரி மாற்றினேன். புது பேட்டரியைப் போட்டதும் திரையில் படம் வந்தது. பொத்தானை அமுக்கினால்தான் பதிவாகும், அமுக்காவிட்டாலும் படம் தெரியும். பதிவாகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கின் மேல் நான் எப்போதும் கறுப்பு டேப் ஒட்டியிருப்பேன், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அதையே வெறித்துப் பார்ப்பார் என்பதற்காக. எதிரே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். "காலப் பாக்காதீங்க. அங்கன, வாசல் கேட்டப் பாத்துக்கிட்டே வாங்க. காலு அதுவா செய்யும்."

ஒரு தடவை தவறியது. அடுத்த தடவை வந்தான். தலை நிமிர்ந்திருந்தது. விளிம்பில் எம்பினான், போர்டு சுழன்றது, இரண்டு காலும் ஒன்றாக அதன் மேல் உட்கார்ந்தன. சக்கரம் சிமெண்டில் அறைந்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. ஒரு ஆட்டம்கூட இல்லாமல் கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான். நான் கேமராவை அவன் கூடவே திருப்பிக்கொண்டிருந்தேன், பதிவாகாத கேமராவை.

ஓடி வந்து, காட்டு காட்டு என்றான். சிரித்துக்கொண்டிருந்தான். பல்லில் ரத்தம் இருந்தது. நான் கேமராவை அவனிடமே கொடுத்தேன். பேட்டரி மாற்றுவதற்கு முன்னால் விழுந்ததுதான் கடைசியாக இருந்தது. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"அமுக்கலியா?"

"அமுக்கல."

"மறந்துட்டியா?"

"மறக்கல" என்றேன். "நீ சொல்லியும் கேக்காம பின்னாலேயே வார பிள்ளதான நான். இன்னைக்கும் வந்தேன்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனை நீ என்றேன். திட்டுவான், கேமராவைத் தூக்கி எறிவான் என்று நினைத்தேன். கேமராவைப் பத்திரமாகத் தரையில் வைத்தான். போர்டை எடுத்துக்கொண்டு மறுபடி மேடை ஏறினான். நான் இந்தத் தடவை பொத்தானை அமுக்கினேன். அவன் கைகால் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை கணுக்கால் திரும்பிக்கொண்டது. எழுந்திருக்கவில்லை.

அவனால் பைக் ஓட்ட முடியாது. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஜார் வழியாகத்தான் போக வேண்டும். தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குக் கவலையே இல்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது அவன்தான்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான். "நான் எறங்குனேன்லா? நீ பாத்தேல்லா?"

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மறுபடியும் கேட்டான். "ஒரு வார்த்த சொல்லு. நான் எறங்குனது நெசந்தானே?"

அவனைத் தாங்கிப் பிடித்து உள்ளே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கால் ஒடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள். பிசகிக்கொண்டது என்றேன். அடுத்த மாதம் அவள் வேறு ஆபீஸுக்கு மாறிக்கொண்டாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

கம்பெனி அவனை விட்டுவிட்டது. ஒரு நாள் அந்தப் பழைய வீடியோவை நெட்டில் தேடினேன், இல்லை. அவனே எடுத்துவிட்டிருக்கிறான். அதை நான் யோசித்திருக்கவில்லை. முக்காலி போனதோடு என் கால்களும் போய்விட்டன. மேடையிலிருந்து நான் இறங்கியதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்காக அவனைப் போய்க் கேட்க முடியுமா?

இப்போது அவன் அப்பாவின் வியாபாரத்தைப் பார்க்கிறான். கோவில்பட்டியில் எனக்குச் சொந்த ஸ்டுடியோ இருக்கிறது. எப்போதாவது ரோட்டில் எதிரே வருவான். கண்ணைப் பார்ப்பான், கேட்கமாட்டான். அவன் இறங்கியது நிஜம்தான், நான் எடுக்காத ஷாட்டுகளிலேயே அதுதான் அழகானது. இதை எழுதினால் அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று முதலில் கொஞ்சம் தயங்கினேன். பரவாயில்லை, அவன் புத்தகம் வாசிக்கிற ஆள் கிடையாது.