நூறு டன்னில் ஒரு கிராம்

மலையம்மாள் அனுமந்தன்பட்டிக்காரி. வயது ஐம்பத்து நான்கு. 1998 முதல் 2020 மார்ச் வரை, இருபத்திரண்டு வருடம், விடிவதற்குள் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவள். ஊரடங்கில் மலைப்பாதை அடைபட்டதும், இறந்துபோன கணவனின் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டில் முருங்கை வைத்தாள். காய்க்காக அல்ல, இலைக்காக. உத்தமபாளையம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, இயற்கையாய் விளைந்த முருங்கை இலையை நிழலில் உலர்த்தித் தரச் சொல்லி வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பியது. மூன்று வருடம் மருந்து படாமல் நிலத்தைக் காத்தால்தான் சான்றிதழ். காத்தாள். 2023 ஜூனில் கிடைத்தது. விவசாயிகள் பட்டியலில் அவள் எண் 41.

அந்த ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கம்பெனியின் கள அலுவலர் அனுசுயா வந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை விட்டு இறங்கும் பெண், அன்று சிரிக்கவில்லை.

“அக்கா, வாய்க்கா ஓரத்து ஆறு தோட்டத்து இலையையும் சேத்து ஒரு சாம்பிள் போச்சுல்ல? அதுல மருந்து இருக்காம். அனுமதிச்ச அளவுக்கு ரெண்டு மடங்குக்கு மேல.”

“அனுமதிச்ச அளவே எம்புட்டு ஆத்தா?”

“நூறு டன்னு இலையில ஒரு கிராம்.”

மலையம்மாள் பத்து லாரிகளை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். அத்தனையிலும் தலை முட்ட இலை.

“பத்து லாரிச் சருகுல ஒரு மூக்குத்தியத் தேடுற மாதிரில்ல இருக்கு? அதையும் கண்டுபிடிச்சுருமா அந்த மிசினு?”

“கண்டுபிடிச்சுருச்சேக்கா.”

வாய்க்காலுக்கு அந்தப்புறம் அழகரின் திராட்சைத் தோட்டம். அவர் தெளித்த மருந்து காற்றில் வந்திருக்கும் என்பது கம்பெனியின் சந்தேகம். அப்படியானால் ஆறு குடும்பத்துச் சான்றிதழும் போகும். மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம். சேதி முந்திக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துச் சங்கிலியம்மாள் அதற்குள் அழகரின் வேலியோரம் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏலே அழகரு, ஒன் கொடியில புழு விழ!”

“புழு விழுந்தா இன்னும் ரெண்டு தடவ மருந்தடிப்பேன், போத்தா அங்கிட்டு!”

மலையம்மாள் கேட்டாள்: “அந்த மருந்துக்குப் பேரு என்னமோ போட்டுருப்பாகளே?”

அனுசுயா கைபேசியைப் பார்த்து வாசித்தாள். “குயினால்பாஸ்.”

அந்தப் பெயரை யாரும் மலையம்மாளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏலத்தோட்டத்தில் மருந்து கலக்கும் நாளெல்லாம் கங்காணி வாயில் கேட்ட பெயர். கேட்டதும் வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகியிருந்த சாக்கு ஞாபகம் வந்தது. ஏலத்தோட்டத்தில் மருந்து டப்பாக்களைச் சுமந்த சாக்கு, எப்போதோ கொண்டுவந்தது. ஜூலையில் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பை ஒன்றை எலி கடித்துவிட, மாற்றுப் பை வரும்வரை இரண்டு நாள் பதினோரு கிலோ இலையை அதில்தான் போட்டு வைத்திருந்தாள். வேறு சாக்கு இலையில் படக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். பேசாமல் இருந்தால் பழி காற்றின் மேல் போகும். சொன்னால் எண் 41-ஐப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம்.

வீட்டுக்குள் போனாள். சாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அழகரு பாவம். இந்தா, இதத் தூக்கிட்டுப் போ. மூணு தண்ணியில அலசுனேன். வாடைகூட இல்ல, மோந்து பாரு. வேணாம், மோக்காத.”

“நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேக்கா.”

“மிசினுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?” சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “வெறுஞ்சாக்குக்கே இந்தப் பாடுன்னா, அந்த மருந்துப் புகைக்குள்ள இருபத்திரெண்டு வருசம் நின்னவ நானு. என்னையும் ஒரு சாம்பிள் எடுத்து அனுப்பேன்.”

அனுசுயா சாக்கை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினாள்.

சாக்கும், ஆறு தோட்டத்திலும் மரத்திலிருந்து நேரே பறித்த இலையும், தோட்டத்து மண்ணும் தனித்தனியாகச் சோதனைக்குப் போயின. பதினான்கு நாள். அதற்குள் சேதி ஊருக்குத் தெரிந்து, சங்கிலியம்மாள் இவளிடம் பேசுவதை நிறுத்தினாள். அழகர் ஒரு கூடைத் திராட்சை கொடுத்தனுப்பினார். மலையம்மாள் அதைத் திருப்பி அனுப்பினாள், மருந்தடித்தது என்று.

ஆகஸ்ட் 31 அன்று அனுசுயா காகிதத்தோடு வந்தாள். சாக்கில் அந்த மருந்து இருந்தது. ஆறு தோட்டத்து இலையிலும் இல்லை. 41-இன் மண்ணிலும் எதுவும் இல்லை. அதே மண்ணில் மலையம்மாளின் கணவன் பதினைந்து வருடம் பருத்தி போட்டு, வாரம் ஒரு மருந்தாக ஊற்றியிருந்தான்.

“எங்கன போச்சு அம்புட்டும்?” என்று கேட்டாள் மலையம்மாள். குனிந்து காலடி மண்ணில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்.

ஐந்து பேரின் இலை தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. 41-இன் எண்பத்தாறு கிலோ கழிக்கப்பட்டது. தீர்ப்பு காகிதத்தின் அடியில் ஒரே வரியில் இருந்தது: நிலம் சுத்தம், ஒரு பருவம் கொள்முதல் இல்லை.

வாசிக்கச் சொல்லிக் கேட்டவள், “மொதப் பாதிய மட்டும் இன்னொரு தடவ வாசி ஆத்தா,” என்றாள்.